அடிபடாமல் கிழிந்த மண்ணீரல்

2024 ஆகஸ்ட் 6, செவ்வாய்

அண்ணனுக்கு விடியற்காலையில் இடது தோள்பட்டை வலி. அண்ணி தைலம் தேய்த்துவிட்டார். பத்து மணி வாக்கில் எழுந்து நின்றவர் வியர்த்துக் கொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். மாரடைப்போ என்று பதறி ஆட்டோவில் ஏற்றினோம். ஈசிஜியில் ஒன்றுமில்லை, ரத்த அழுத்தம் மட்டும் 80க்கு இறங்கியிருந்தது. வயிற்றை ஸ்கேன் செய்த மருத்துவர், “உள்ளே ரத்தம் தேங்கியிருக்கிறது. எங்கேயாவது விழுந்தாரா?” என்றார். இல்லை. அண்ணியைத் தனியே அழைத்தும், “யாராவது அடித்தார்களா?” என்று விசாரித்தார்கள். இரவே அறுவை சிகிச்சை.

ஆகஸ்ட் 7

மண்ணீரலை எடுத்துவிட்டார்கள். தட்டில் வைத்துக் காட்டினார்கள். கறிக்கடையில் சுவரொட்டி என்று கேட்டு வாங்குவோமே, அதே கருஞ்சிவப்பு. மனிதருக்குச் சுமார் 150 கிராம்தான் இருக்குமாம். இது ஒரு கிலோவைத் தாண்டியிருந்தது. மேலுறையில் விரல் நீளத்துக்குக் கிழிசல்.

தோள்பட்டை ஏன் வலித்தது என்று கேட்டேன். கசிந்த ரத்தம் உதரவிதானத்தை, அதாவது நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் மூச்சுத் தசையை, உறுத்துகிறது. அதற்குப் போகும் நரம்பு கழுத்திலிருந்து இறங்குகிறது. தோளின் உணர்வு நரம்புகளும் அங்கேயே கிளம்புவதால் மூளை ஏமாந்துபோகிறது. ஹான்ஸ் கேர் என்ற ஜெர்மானிய அறுவை மருத்துவரின் பெயரால் இந்த அறிகுறியைச் சொல்கிறார்கள்.

ஆகஸ்ட் 9

மலேரியா, டெங்கு, டைபாய்டு என எல்லாப் பரிசோதனையும் செய்துவிட்டார்கள், எதுவும் இல்லை. மலேரியாவில் வீங்கிய மண்ணீரல் தானாகவே வெடிப்பதுண்டாம். எப்ஸ்டீன்-பார் என்ற வைரஸ் காய்ச்சலிலும் அது வீங்குவதால், அது வந்தவர்களைச் சில வாரங்கள் கால்பந்து பக்கமே போக விடுவதில்லையாம்.

சித்தி மட்டும், “வண்டி பள்ளத்தில் இறங்கிக் குலுக்கியிருக்கும்” என்கிறார். காரணம் கைக்கு அகப்படுவதாக இருந்தால்தான் நம் சனத்துக்கு நிம்மதி.

ஆகஸ்ட் 16

திசு ஆய்வின் முடிவு: லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய், பெரிய பி செல் (ஒருவகை ரத்த வெள்ளணு) வகை. புற்றணுக்கள் பெருகிப் பெருகி உறையை இழுத்துப் பிடித்திருக்கின்றன. அந்த நிலையில் ஓர் இருமலே போதுமாம். இரண்டு இட்லியிலேயே வயிறு நிறைந்துவிடுகிறது, வயதாகிறது என்று அண்ணன் சொல்லிக்கொண்டிருந்தார். இரைப்பையை நெருக்கிக்கொண்டிருந்தது இந்த வீங்கிய மண்ணீரல்தான்.

ஆகஸ்ட் 20

மண்ணீரல் இல்லாதவரை நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ் போன்ற கிருமிகள் சில மணி நேரத்தில் வீழ்த்திவிடும். அதனால் இன்று தடுப்பூசிகள். லிம்போமாவுக்கான ரிட்டுக்சிமாப் மருந்தை ஏற்றத் தொடங்கிவிட்டால் தடுப்பூசி சரியாகப் பிடிக்காதாம். மெனிங்கோகாக்கஸ் ஊசி இங்கே எந்தக் கடையிலும் இல்லை. சென்னையிலிருந்து ஐஸ் பெட்டியில் பஸ்ஸில் வந்தது. காய்ச்சல் அடித்தால் விடியட்டும் என்று காத்திராமல் உடனே ஓடிவர வேண்டும் என்று அண்ணியிடம் இரண்டு முறை சொல்லி அனுப்பினார்கள். காயம் ஆறியதும் கீமோ.