ஐரோப்பிய ஹாக்கியின் இரண்டாம் படி: ஐந்து முதல் எட்டு வரை உள்ள இடங்களின் கணக்கு

2018 டிசம்பர் 6, புவனேஸ்வர் கலிங்கா ஸ்டேடியம். உலகக் கோப்பை லீக் ஆட்டத்தில் பிரான்ஸ் 5-3 என்று அர்ஜென்டினாவை வீழ்த்தியது. அர்ஜென்டினா அப்போது ஒலிம்பிக் சாம்பியன். பிரான்ஸ் காலிறுதி வரை போனது. ஆனால் அந்த பிரான்ஸ், ஐரோப்பாவின் முதல் படியில் ஆடும் எட்டு அணிகளில்கூட அன்று இல்லை. 2015-இல் லண்டனில் நடந்த முதல் படிப் போட்டியோடு இறங்கி, 2017-இல் கிளாஸ்கோவில் நடந்த யூரோஹாக்கி சாம்பியன்ஷிப் இரண்டாம் படியில்தான் ஆடியது. அங்கிருந்தும் ஏற முடியவில்லை. 2019-இல் தன் மண்ணில், கம்ப்ரே நகரில் நடந்த போட்டிக்குப் பிறகுதான் மேலே வந்தது.

அயர்லாந்தின் கதை இதற்கு எதிர்த்திசை. 2015-இல் ஐரோப்பிய வெண்கலம், 2016-இல் ரியோ ஒலிம்பிக், 2019 ஆண்ட்வெர்ப்பில் ஸ்காட்லாந்தோடு சேர்ந்து இறக்கம். 2023 கோடையில் ஐரோப்பாவின் இரண்டாம் படியில் இருந்த அதே அயர்லாந்துதான் 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்குக்கு வந்து இந்தியாவிடம் 2-0 என்று தோற்றது.

ஆகவே இரண்டாம் படி என்றதும் இரண்டாம் தர ஹாக்கி என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு வாரம் சரியாக ஆடாத நல்ல அணிகளும், பல வருடமாக மேலே வரப் போராடும் அணிகளும் ஒரே மைதானத்தில் மோதும் இடம் அது. அதைப் புரிந்து பார்க்க, அமைப்பு தெரிந்திருக்க வேண்டும்.

முன்பு நீண்ட காலம் இருந்த ஏற்பாட்டைச் சொல்கிறேன், பிறகு வந்த மாற்றத்தைப் பின்னால் பார்ப்போம். முதல் படியில் எட்டு அணிகள், இரண்டாம் படியில் எட்டு. அதற்குக் கீழே மூன்றாம், நான்காம் படிகள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை போட்டி. இரண்டாம் படியில் முதல் இரண்டு இடம் பிடித்தவை மேலே ஏறும், கடைசி இரண்டு கீழே இறங்கும். எட்டு அணிகளும் நான்கு நான்காக இரண்டு பிரிவு. பிரிவில் மூன்று ஆட்டம். முதல் இரண்டு இடத்து அணிகள் அரையிறுதிக்கு. மற்ற நான்கும் ‘சி’ பிரிவு என்ற புதுப் பிரிவில் சேரும்.

இதில் பலரும் கவனிக்காத விஷயம், அரையிறுதிதான் உண்மையான இறுதிப்போட்டி. அரையிறுதியில் வென்ற இரண்டு அணிகளும் ஏறிவிடும். 2017 கிளாஸ்கோவில் ஸ்காட்லாந்தும் வேல்ஸும் அப்படித்தான் 2019-க்குப் போயின. இறுதிப்போட்டி கோப்பைக்கு மட்டும். அடுத்த இரண்டு வருடம் நெதர்லாந்து, ஜெர்மனியோடு ஆடுவதா, இல்லை இங்கேயே இருப்பதா என்பது அதற்கு இரண்டு நாள் முன்பே முடிவாகிவிடுகிறது.

‘சி’ பிரிவு இன்னும் கடுமை. அங்கே யாரும் பூஜ்யத்திலிருந்து தொடங்குவதில்லை. பழைய பிரிவில் தன்னோடு இருந்து, இப்போது ‘சி’ பிரிவுக்கும் வந்திருக்கும் அணியோடு ஆடிய முடிவு அப்படியே கூடவே வரும். புதிதாக ஆடுவது இரண்டு ஆட்டம் மட்டும். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். வெற்றிக்கு 3 புள்ளி, டிராவுக்கு 1.

முதல் பிரிவிலிருந்து சிவப்பு, நீலம் என்று இரண்டு அணிகள் வருகின்றன. லீக்கில் சிவப்பு 2-1 என்று நீலத்தை வென்றிருந்தது. அடுத்த பிரிவிலிருந்து வெள்ளையும் கறுப்பும். அவை 2-2 டிரா. ‘சி’ பிரிவு தொடங்கும்போது சிவப்புக்கு 3, வெள்ளைக்கு 1, கறுப்புக்கு 1, நீலத்துக்கு பூஜ்யம்.

முதல் நாள் நீலம் 3-1 என்று கறுப்பை வெல்கிறது. வெள்ளை 1-0 என்று சிவப்பை வெல்கிறது. இப்போது வெள்ளை 4, சிவப்பு 3, நீலம் 3, கறுப்பு 1. கறுப்பின் கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். கடைசி நாளில் கறுப்பு 3-0 என்று சிவப்பை அடிக்கிறது. நீலமும் வெள்ளையும் 1-1 டிரா.

வெள்ளை 5 புள்ளியோடு பத்திரம். சிவப்பு 3 புள்ளியோடு இறக்கம். மீதி இருப்பவை நீலமும் கறுப்பும். இரண்டுக்கும் 4 புள்ளி. இரண்டுக்கும் ஒரு வெற்றி. கோல் வித்தியாசமும் இரண்டுக்கும் +1. அடுத்துப் பார்ப்பது அடித்த கோல். கறுப்பு 6, நீலம் 5. இறங்குவது நீலம். கறுப்பை நேருக்கு நேர் 3-1 என்று வென்ற நீலம்!

நேருக்கு நேர் முடிவு என்பது வரிசையில் அதற்கும் பிறகுதான் வருகிறது. புள்ளி, வெற்றிகள், கோல் வித்தியாசம், அடித்த கோல், அதன் பிறகே நேரடி முடிவு. வெள்ளையோடு நீலம் 2-2 என்று டிரா செய்திருந்தால் அடித்த கோலும் 6-6 என்று சமமாகி, நேரடி முடிவு பார்க்கப்பட்டு, நீலம் தப்பித்திருக்கும். இதனால்தான் கடைசி நிமிடங்களில் 1-1 போதும் என்று பந்தைப் பின்னால் சுற்றவிடும் அணியின் பயிற்சியாளர் கையில், பக்கத்து ஆட்டத்தின் கணக்கும் இருந்தாக வேண்டும். அது இல்லாமல் ஆடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பது மாதிரிதான்.

இன்னொன்றும் இதிலிருந்து தெரியும். முதல் இரண்டு லீக் ஆட்டத்திலும் தோற்ற இரு அணிகள் மூன்றாவது ஆட்டத்தில் சந்தித்தால், பார்ப்பவர்களுக்கு அது ஒப்புக்கு ஆடும் ஆட்டமாகத் தெரியும். உண்மையில் அந்த முடிவுதான் இருவரோடும் ‘சி’ பிரிவுக்குப் போகிறது. அந்த நாளில் முக்கிய வீரர்களை உட்காரவைக்கும் அணி, தன் கழுத்தில் தானே கயிறு போட்டுக்கொள்கிறது.

ஏழு நாளில் ஐந்து ஆட்டம் என்பதும் சாதாரணம் இல்லை. ஒவ்வொன்றும் 15 நிமிடம் வீதம் நான்கு பகுதி. அணியில் 18 பேர். அதில் வழக்கமாக இரண்டு கோல்கீப்பர். மற்ற 16 பேரில் எந்நேரமும் 10 பேர் களத்தில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். வீரர்களை மாற்ற எண்ணிக்கைக் கட்டுப்பாடு இல்லை, நடுக்கோட்டிலிருந்து 3 மீட்டருக்குள் ஏறி இறங்கினால் சரி. மேல் படி அணிகளில் பதினாறாவது ஆளும் முதல் ஆளுக்குப் பக்கத்தில் நிற்பார். இந்தப் படியில் பல அணிகளுக்கு அந்த ஆழம் கிடையாது. வேலைக்கோ படிப்புக்கோ போய்க்கொண்டே ஆடும் வீரர்கள் இங்கே நிறைய. நான்காவது, ஐந்தாவது ஆட்டத்தின் கடைசிப் பகுதியில் அது அப்பட்டமாகத் தெரியும். முன்கள வீரர் பந்தை இழந்ததும் பின்னால் ஓடாமல் நடந்து வருகிறார் என்றால், அடுத்த ஐந்து நிமிடத்தில் கோலுக்கு முன்னால் உள்ள ‘டி’ வட்டத்தில் பெனால்டி கார்னர் விழும்.

அந்தப் பெனால்டி கார்னர்தான் இங்கே ஆட்டத்தைத் தீர்க்கிறது. கோல்கம்பத்திலிருந்து குறைந்தது 10 மீட்டர் தள்ளி, பின்கோட்டிலிருந்து ஒருவர் பந்தைத் தள்ளுவார். 14.63 மீட்டர் வட்டத்துக்கு வெளியே ஒருவர் அதை நிறுத்துவார். பந்து வட்டத்தைத் தாண்டி வெளியே வந்த பிறகுதான் கோலுக்கு அடிக்கலாம். ஸ்டிக்கை ஓங்கி அடித்தால் அந்த முதல் அடி 460 மில்லிமீட்டர் உயரத்துக்குள், அதாவது கோல் பலகை உயரத்துக்குள் கோட்டைக் கடக்க வேண்டும். பந்தை ஸ்டிக்கோடு இழுத்துத் தூக்கி வீசும் டிராக் ஃபிளிக்குக்கு அந்தத் தடை இல்லை, மேல் மூலையிலும் போடலாம். எதிரணியில் கோல்கீப்பரோடு சேர்த்து ஐந்து பேர்தான் கோட்டுக்குப் பின்னால் நிற்கலாம். மற்றவர்கள் நடுக்கோட்டுக்கு அப்பால் போய்விட வேண்டும். பந்து தள்ளப்படும் முன் ஒரு தடுப்பாளர் கோட்டைத் தாண்டி ஓடினால் அவரையும் நடுக்கோட்டுக்கு அனுப்புவார்கள். அவருக்குப் பதில் ஆள் கிடையாது, நாலு பேரோடு தடுக்க வேண்டியதுதான்.

எங்கே கோளாறு வரும்? பெரும்பாலும் ஃபிளிக் அடிப்பவரிடம் இல்லை, நிறுத்துபவரிடம். நீர் தெளித்த செயற்கைப் புல்லில் பந்து தரையோடு வழுக்கி வரும். வெயில் நாளில் பாதி நேரம் போனதும் தரை காய்ந்துவிடும், பந்து குட்டிக் குட்டியாகத் துள்ளும். ஸ்டிக்கில் பட்டு ஒரு சாண் விலகினாலும், ஃபிளிக் அடிப்பவர் ஓடிவந்து வைத்த கால் தப்பாகிவிடும். பந்தை ஸ்டிக்கின் தண்டில் ஏற்றி இழுக்க, அவருக்குப் பந்து சரியான இடத்தில் கட்டாயம் வேண்டும். இதற்குள் எதிரணியின் முதல் ஆள் முகக்கவசத்தோடு பாய்ந்து நெருங்கிவிடுவார். பந்து வட்டத்திலிருந்து 5 மீட்டருக்கு மேல் வெளியே உருண்டுவிட்டால் கார்னரே முடிந்துபோகும். நல்ல அணிகள் இதற்கென்றே ஒரு மாற்று வைத்திருக்கும். நிறுத்தியது தவறினால் பந்தைத் தள்ளியவருக்கே உடனே திருப்பி அனுப்பி, அவர் கம்பத்துக்கருகில் திசைமாற்றிவிடுவார்.

ஒரு விதி, சின்ன அணிகளை அதிகம் கடிப்பது. பெனால்டி கார்னர் கொடுக்கப்பட்ட பிறகு அது முடியும்வரை ஆள் மாற்ற முடியாது. தடுக்கும் அணியின் கோல்கீப்பருக்குக் காயம் என்பது போன்ற விலக்கு மட்டும் உண்டு. அணியில் ஒரே ஒரு டிராக் ஃபிளிக் ஆள் இருந்து, அவர் தண்ணீர் குடிக்க வெளியே உட்கார்ந்திருக்கும்போது கார்னர் கிடைத்தால் அவரை உள்ளே கொண்டுவர முடியாது. பச்சை அட்டை வாங்கி 2 நிமிடம் வெளியே இருந்தாலும் அதே கதி. மஞ்சள் என்றால் 5 நிமிடமோ அதற்கு மேலோ. அதனால் அவர் எப்போது ஓய்வெடுக்கிறார் என்று கவனியுங்கள். புத்தியுள்ள பயிற்சியாளர், பந்து தன் பாதியில் இருக்கும்போதுதான் அவரை வெளியே எடுப்பார். எதிரணியின் வட்டத்துக்கு அருகில் பந்து இருக்கையில் அவரைத் தொடவே மாட்டார்.

பெரிய போட்டிகளில் பார்த்துப் பழகிய காணொளி நடுவர் இந்தப் படியில் பெரும்பாலும் இருப்பதில்லை. காலில் பட்டதா இல்லையா என்பதைக் களத்தில் இருக்கும் இரண்டு நடுவர்கள் சொன்னதுதான் முடிவு. தொலைக்காட்சியில் பழகிய இளம் வீரர்கள் கையை உயர்த்தி நிற்பார்கள், அதற்குள் பந்து மறுபக்கம் போய்விடும். விசில் வரும்வரை ஆடுவது இங்கே பெரிய திறமை.

2021-க்குப் பிறகு ஏறும் வழி கொஞ்சம் மாறியது. 2023 மொன்ஷென்கிளாட்பாக் போட்டிக்கு ஐந்து அணிகள் நேரடியாகப் போக, மீதி மூன்று இடத்துக்கு 2022-இல் தனித் தகுதிச்சுற்றுகள் நடந்தன. பிரான்ஸ், வேல்ஸ், ஆஸ்திரியா உள்ளே வந்தன. முன்பெல்லாம் ஒரு மோசமான வாரத்துக்கு இரண்டு வருட தண்டனை, இப்போது நடுவில் ஒரு கதவு. இது நல்ல மாற்றம் என்பதே என் எண்ணம். இந்த அணிகளுக்கு முதலில் வேண்டியது அதிக ஆட்டம், அதிலும் தங்களைவிடப் பெரிய அணிகளோடு. இப்போதைய உலகத் தரவரிசையில் ஒவ்வொரு ஆட்டத்திலும் தோற்றவர் இழக்கும் புள்ளி வென்றவருக்குப் போகிறது. கீழ் படி அணிகள் தங்களுக்குள்ளேயே ஆடிக்கொண்டிருந்தால் அதே புள்ளிகள்தான் சுற்றிச் சுற்றி வரும்.

சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா பெயர்கள் தமிழ்நாட்டில் இப்போது புதிது இல்லை. 2025 இறுதியில் சென்னையிலும் மதுரையிலும் நடந்த ஜூனியர் உலகக் கோப்பைக்கு இரண்டு நாட்டு இளைஞர் அணிகளும் வந்திருந்தன. அந்தப் பையன்களில் பலர் அடுத்த சில வருடங்களில் இந்தப் படிகளில்தான் ஏறி இறங்கப்போகிறார்கள். பெயர்களைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

அரையிறுதி சமனில் முடிந்தால் ஷூட் அவுட். அணிக்கு ஐந்து பேர். பந்து 23 மீட்டர் கோட்டில், கோல்கீப்பர் கோல்கோட்டில். விசில் அடித்ததும் 8 வினாடி. கோல்கீப்பர் தெரியாமல் தட்டிவிட்டால் மறுபடி ஒரு வாய்ப்பு, வேண்டுமென்றே விழத்தட்டினால் பெனால்டி ஸ்ட்ரோக், அதாவது கோல்கீப்பரை மட்டும் எதிர்த்து ஒரு தனி அடி. அடிப்பவர்கள் தோற்பது பெரும்பாலும் அவசரத்தால். முதல் 3 வினாடிக்குள் திரும்பிவிடுகிறார்கள், கோல்கீப்பர் இன்னும் நின்றுகொண்டிருக்கிறார். அவரைப் படுக்கவைக்கும்வரை பொறுத்து, பின்கோட்டுப் பக்கம் இழுத்துப்போய், ரிவர்ஸ் ஸ்டிக்கில், அதாவது ஸ்டிக்கைத் திருப்பிப் பிடித்து, பந்தைத் திருப்புபவர் ஏழாவது வினாடியில் காலி கோலில் தள்ளிவிடுகிறார்.