பாட்டின் வேகமும் பாட்டியின் காலும்

டிமென்ஷியா என்னும் மறதிநோய் வந்தவரிடம் உடற்பயிற்சிக்காக "வலது காலைத் தூக்குங்க, பத்து எண்ணுங்க, இறக்குங்க" என்றால், சொல்லி முடிப்பதற்குள் முதல் பாதி மறந்திருக்கும். பழகிய பாட்டு அப்படிச் சீக்கிரம் நழுவாது. டிமென்ஷியாவில் அதிகம் காணப்படும் வகையான அல்சைமரில் பல நினைவுகள் போன பின்னும் அது தங்கியிருக்கும். ஆகவே கட்டளையிடும் வேலையைப் பாட்டிடமே விட்டுவிடுங்கள்.

பத்து வயது முதல் இருபத்தைந்து வரை அவர் காதில் விழுந்த பாட்டாக இருக்கட்டும். 1948இல் பிறந்தவர் என்றால் 1958 முதல் 1973 வரை. எண்பதுகளின் பாட்டு நமக்குத்தான் பழசு; அவருக்கு அது பிள்ளை வளர்த்த காலத்துச் சத்தம்.

பலரும் கோட்டை விடுவது வேகத்தில். அவர் வீட்டுக்குள் இயல்பாக நடக்கும்போது 15 விநாடிக்கு எத்தனை அடி என்று எண்ணி நாலால் பெருக்குங்கள். 20 அடி என்றால் நிமிடத்துக்கு 80. பாட்டுக்கும் அதேபோல் தாளம் தட்டி எண்ணி, 80க்குப் பக்கத்தில் உள்ளதை எடுங்கள். உற்சாகமாக இருக்கட்டும் என்று 120இல் ஓடும் பாட்டைப் போட்டால், அடி குறுகி, கால் இழுபட்டு, உடம்பு முன்னால் சாயும். விழுவது அப்போதுதான். மும்மூன்றாக ஓடும் கும்மி மெட்டும் நடையைக் குழப்பும். அதை உட்கார்ந்து கைதட்டவும் பக்கவாட்டில் அசையவும் வைத்துக்கொள்ளுங்கள்.

கைப்பிடி வைத்த நாற்காலி வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலி டைல்ஸில் வழுக்கும் என்பதால் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். சாக்ஸ் வேண்டாம். வேட்டியோ புடவையோ கணுக்காலுக்கு மேலே நிற்கட்டும். எதிரே அதே உயரத்தில் அமர்ந்து கண்ணாடி பிம்பம்போல் செய்து காட்டுங்கள்: அவருக்கு வலது கால், உங்களுக்கு இடது. முதல் பாட்டுக்குக் கைதட்டல், அடுத்ததற்குத் தோள், பிறகு உட்கார்ந்தபடியே காலடி, அதன்பின் கைப்பிடியை ஊன்றி ஐந்து முறை எழுந்து அமர்வது, கடைசியில் மெதுவான ஒன்று. மொத்தம் 15, 20 நிமிடம் போதும். முதல் பாட்டை மட்டும் மாற்றவே மாற்றாதீர்கள். நாளடைவில் அதுவே அழைப்பாகிவிடும்.

பாட்டுகளை முன்பே தரவிறக்கி வையுங்கள், நடுவில் விளம்பரம் கத்தினால் பதறிப்போவார். டிவியை அணைத்துவிடுங்கள். காது கேட்கும் கருவி மாட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

பாட்டுக்கு நடக்கவைக்கும்போது சேர்ந்து பாடச் சொல்ல வேண்டாம். கவனம் பாட்டுக்குப் போனால் கால் தடுமாறும். பாடுவது நாற்காலியில் மட்டும்.

தலைசுற்றல், மூச்சிரைப்பு, நெஞ்சுவலி என்றால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். ஏதாவது ஒரு பாட்டுக்கு அழுதால் மட்டும் டக்கென்று நிறுத்தாதீர்கள். சத்தத்தை மெல்லக் குறைத்து, கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். அன்றைக்குப் பயிற்சி அவ்வளவுதான்.