ஏற்கெனவே ஒரு நம்பர்

"அண்ணா, இதுல ஏற்கெனவே ஒரு நம்பர் இருக்கே?"

அந்தப் பெண் கேட்டது இவ்வளவுதான். நான் சொன்ன பதிலும் நீளமில்லை. "அது கீறல்மா. புது ஸ்லைடுலகூட இருக்கும்."

புது ஸ்லைடில், அதாவது மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்க்கிற கண்ணாடித் துண்டில், மங்கல் இருக்கும், கண்ணாடித் தூள் இருக்கும். மழைக்காலத்தில் இரண்டு ஸ்லைடுகள் பிரிக்க முடியாமல் ஒட்டிக்கொண்டும் இருக்கும். ஆனால் கண்ணாடியைக் கீறுகிற டைமண்ட் பென்சிலால் எழுதிய 3 இருக்காது. அதற்குப் பக்கத்தில் பாதி தேய்ந்த இன்னொரு எண், 8 அல்லது 6. இன்றைக்கும் அது எது என்று எனக்குத் தெரியாது.

2010-இல் நடந்தது. ஒரு சின்ன தனியார் லேப். அவள் டி.எம்.எல்.டி. என்கிற லேப் டெக்னீசியன் டிப்ளமோ படித்துவிட்டுப் பயிற்சிக்கு வந்து மூன்றாவது மாதம். நான் அங்கே நான்கு வருடப் பழசு, அதனால் எல்லாம் தெரிந்தவன்.

ஸ்லைடைக் கழுவித் திரும்பப் பயன்படுத்தினோம் என்றால் இப்போது படிக்கிற பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். அப்போது எங்கள் மாதிரி சின்ன லேப்களில் ரத்த ஸ்மியருக்கு, அதாவது ரத்தத்தை ஸ்லைடில் மெலிசாக இழுத்துப் பரப்புவதற்கு, அது சாதாரணம். கழுவுவதற்கு ஓர் அக்கா இருந்தார். அவர் கை வேலையை நான் இன்னும் மெச்சுகிறேன். சோப்புத் தூள் கரைத்த தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறப் போடுவார். காலையில் ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சால் இரண்டு பக்கமும் தேய்த்து, குழாய்த் தண்ணீரில் அலசி, கடைசியில் டிஸ்டில்டு வாட்டரில் ஒரு முக்கு. அப்புறம் ஸ்பிரிட். துடைப்பதற்கு வீட்டிலிருந்து பழைய வேட்டித் துணி கொண்டுவருவார். புதுத் துணி நூல் விடும், பழசுதான் சரி என்பார். ஸ்லைடின் ஓரத்தை மட்டும்தான் பிடிப்பார், முகத்தில் விரல் படாது. சுத்தமா இல்லையா என்று பார்க்க அவருக்கு ஒரு சோதனை உண்டு. அலசியதும் செங்குத்தாகப் பிடிப்பார். தண்ணீர் ஒரே படலமாக இறங்கினால் சுத்தம். முத்து முத்தாக நின்றால் எண்ணெய்ப் பசை இருக்கிறது, திரும்ப வாளிக்குள். எந்தப் பாடப் புத்தகமும் அவருக்கு இதைச் சொல்லித் தரவில்லை. பசை இருக்கிற ஸ்லைடில் ரத்தத்தை இழுத்தால் ஸ்மியர் நடுவே ஓட்டை ஓட்டையாக வரும், நாங்கள் கத்துவோம். அதில் கற்றுக்கொண்டிருப்பார்.

உண்மையைச் சொன்னால், பெட்டியைப் பிரித்து அப்படியே எடுக்கிற புது ஸ்லைடைவிட அக்கா கழுவியதில் ரத்தம் அழகாக ஓடியது. இதை நான் வகுப்புகளில் சொல்வதில்லை.

சளிக்கு மட்டும் சட்டம் வேறு. சளி ஸ்லைடைக் கழுவவே கூடாது. பார்த்து முடித்ததும் ஃபீனால் ஊற்றிய டப்பாவில் போட வேண்டும், அங்கிருந்து குப்பைக்கு. காரணம் எல்லா டெக்னீசியனுக்கும் மனப்பாடம். காசநோய்க் கிருமியின் மேல் மெழுகுப் போர்வை ஒன்று இருக்கிறது. சிவப்புச் சாயத்தைச் சூடுபடுத்தி உள்ளே ஏற்றிவிட்டால் 25 சதவீத கந்தக அமிலத்தை ஊற்றினாலும் சாயத்தை விடாது. நோயைக் கண்டுபிடிப்பதே அந்தப் பிடிவாதத்தை வைத்துத்தான். அமிலத்துக்கே அசையாதது சோப்புத் தண்ணீருக்கு முழுசாகப் போய்விடும் என்று யார் உத்தரவாதம் தருவது? செத்த கிருமியும் சிவப்பாகத்தான் தெரியும்.

நம்பர் விஷயமும் இதில் சேரும். ரத்த ஸ்லைடில் ஸ்மியரின் தடித்த பக்கத்திலேயே சாதாரண பென்சிலால் எழுதிவிடுவோம், கழுவினால் போய்விடும். சளி ஸ்லைடு தீயையும் அமிலத்தையும் தாங்க வேண்டும். அதனால் கண்ணாடியிலேயே கீறி எழுதுவோம். ஆக, எங்கள் லேப்பில் ஒரு ஸ்லைடில் பழைய எண் கீறியிருந்தால் அது ஒரு காலத்தில் சளி ஸ்லைடு. வேறு வழியே இல்லை.

அன்றைக்கு வந்தவர் லாரிப் பட்டறையில் வெல்டிங் வேலை செய்கிறவர். மூன்று வாரமாக இருமல், சாயங்காலக் காய்ச்சல். பக்கத்து கிளினிக் டாக்டர் எழுதி அனுப்பியிருந்தார். ஸ்மியர் போட்டது அந்தப் பெண், சாயம் ஏற்றியதும் அவள்தான். புதுப் பெட்டி தீர்ந்துபோயிருந்ததால் கழுவிய பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்திருந்தாள். எடுக்கக் கூடாது என்று நான் அவளுக்குச் சொன்னேனா? சொன்னதாகத்தான் நினைவு. அப்படி நினைவு இருப்பது எனக்கு வசதியாக இருக்கிறது என்பதும் தெரியும்.

ஆயில் லென்ஸில் நூறு ஃபீல்டு பார்த்தேன். லென்ஸ் வழியே ஒரு தடவையில் தெரிகிற வட்டம்தான் ஒரு ஃபீல்டு. நீலப் பின்னணியில் இரண்டு இடத்தில் சிவப்புக் குச்சி. மெலிசாக, கொஞ்சம் வளைந்து. நூறு ஃபீல்டில் ஒன்பதுக்குள் இருந்தால் 'ஸ்கேன்ட்டி', அதாவது சொற்பம், என்று போட்டு எண்ணிக்கையை எழுத வேண்டும். பேனாவைக்கூட எடுத்துவிட்டேன். எண்ணெயைத் துடைக்க ஸ்லைடை வெளியே எடுத்தபோது டியூப்லைட் வெளிச்சம் அதில் சாய்வாக விழுந்தது. அப்போதுதான் அவள் கேட்டாள்.

அடியிலிருந்து, தலைகீழாக, மறுமுனையில் அந்த 3.

சளிப் பதிவேடு என் முழங்கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. மாதா மாதம் ஒன்றிலிருந்து எண் போடுகிற வழக்கம். ஒவ்வொரு மாதத்திலும் முப்பதுகளில் வருகிற எண்களைப் பத்து நிமிடம் புரட்டியிருந்தால், 36-ஆவது ஆளோ 38-ஆவது ஆளோ எந்த மாதத்திலாவது பாசிட்டிவ் ஆனாரா என்று தெரிந்திருக்கும். நான் புரட்டவில்லை. அப்போது கூட்டம் இருந்தது என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிவந்தேன். கூட்டம் இருந்தது உண்மைதான். அன்றைக்கு ராத்திரி எட்டு மணிக்கு லேப்பில் யாரும் இல்லை என்பதும் உண்மை. அப்போதும் புரட்டவில்லை.

அதற்குப் பதில் வேறொன்று செய்தேன். கடைக்கு ஆள் அனுப்பிப் புது ஸ்லைடு வாங்கி, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, அதே டப்பாவில் மீதியிருந்த சளியில் நானே இன்னொரு ஸ்மியர் போட்டேன். முந்நூறு ஃபீல்டு பார்த்தேன். ஒன்றும் இல்லை. 'ஏ.எஃப்.பி. காணப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அமிலத்துக்கும் சாயத்தை விடாத அந்தக் கிருமிக்குத்தான் ரிப்போர்ட்டில் அந்தப் பெயர்.

இதில் தப்பு எங்கே என்று கேட்டால், அன்று என்னிடம் பதில் இருந்திருக்காது. சந்தேகமான ஸ்லைடு, அதை ஒதுக்கினேன். சுத்தமான ஸ்லைடில் மறுபடி பார்த்தேன். வழக்கத்தைவிட மூன்று மடங்கு பார்த்தேன். இல்லாத நோய்க்கு ஒருவரை ஆறு மாதம் மாத்திரை சாப்பிட வைக்காமல் காப்பாற்றினேன். கல்யாணத்துக்கு நிற்கிற பெண் அவர் வீட்டில் இருந்திருக்கலாம், அந்தப் பேரே குடும்பத்தைப் பாதித்திருக்கும் என்றுகூட யோசித்தேன். அவருக்குப் பெண் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. என் வசதிக்கு நான் உண்டாக்கிய பெண் அவள்.

இப்படியும் பார்க்கலாம். ஒரு மில்லி சளியில் சுமார் பத்தாயிரம் கிருமிகள் இருந்தால்தான் நம் கண்ணுக்கு ஒன்றிரண்டு அகப்படும். அந்த எல்லையில் நிற்கிற சளியில், ஒரே டப்பாவிலிருந்து எடுத்த இரண்டு ஸ்மியர்கள் இரண்டு பதில் சொல்லும். அவள் எடுத்தது கெட்டியான மஞ்சள் துணுக்கு. எனக்கு மிஞ்சியது பெரும்பாலும் எச்சில். அப்படியென்றால் என் முந்நூறு ஃபீல்டு எதையும் நிரூபிக்கவில்லை. அந்த இரண்டு குச்சிகள் 38-ஆம் ஆளுடையதாக இருக்கலாம், வெல்டருடையதாகவும் இருக்கலாம். கீறலுக்குள் சாயம் தங்கினால் அதுவும் சிவப்புக் குச்சி மாதிரி தெரியும். குழாய்த் தண்ணீரில் வாழ்கிற வேறு ஜாதிக் கிருமிகளும் இதே சாயம் பிடிக்கும். இவற்றில் எது என்று சொல்ல உதவியிருக்கக்கூடியது அந்தப் பதிவேடு ஒன்றுதான்.

டாக்டருக்கு ஒரு போன் போட்டு, "சார், ஸ்லைடில் குளறுபடி, இன்னொரு சாம்பிள் வேண்டும்" என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் எந்த ஸ்லைடு, ஏன் கழுவினீர்கள் என்று கேள்வி வரும். முதலாளி காதுக்குப் போகும்.

ரிப்போர்ட் வாங்க அவரே வந்தார். இன்னொரு டப்பாவைக் கொடுத்தேன். "காலையில எழுந்ததும் பல் விளக்குறதுக்கு முன்னாடி வர்ற சளியைப் பிடிச்சுக் கொண்டு வாங்க ஐயா. இன்னொரு தடவை பார்த்திடலாம்."

"இதுல ஒண்ணும் இல்லைதானே தம்பி?"

"இதுல இல்லைங்க."

டப்பாவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார். திரும்ப வரவில்லை. இல்லை என்று சொன்னபிறகு யார்தான் வருவார்? பெரியாஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம். சாதாரண இருமலாக இருந்து சரியாகியும் இருக்கலாம். காசநோயாளியைப் பற்றி அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற உத்தரவு 2012 மே மாதம்தான் வந்தது. அதற்கு முன் தனியாரில் பார்த்தவர்கள் எங்களைத் தாண்டினால் எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியாது. 'இல்லை' என்று எழுதியவரை எந்த உத்தரவும் தேடப்போவதில்லை என்பது வேறு விஷயம்.

மறுநாள் அக்காவிடம் கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன், கீறல் இருக்கிற ஸ்லைடு கையில் வந்தால் கழுவாமல் தூக்கிப் போடுங்கள் என்று. அவர் நிமிர்ந்து பார்க்காமல், "வாளியில நீங்க போடுறதைத்தானே தம்பி நான் கழுவுறேன்" என்றார். சளி ஸ்லைடு பார்ப்பது லேப்பில் நான் ஒருவன்தான். ஃபீனால் டப்பாவுக்கும் அந்த வாளிக்கும் நடுவே இரண்டடி தூரம்.

ஆனாலும் திரும்பத் திரும்ப வருவது அக்கா சொன்னது இல்லை, அந்தப் பெண் கேட்டதுதான். அவள் சரியாகப் பார்த்தாள். மூன்று மாதப் பயிற்சியில் அப்படிப் பார்ப்பது பெரிய விஷயம். நான் "கீறல்" என்றதும் "ஓ, சரிண்ணா" என்று நம்பிவிட்டாள். நம்பினாளா, இல்லை அண்ணனிடம் மேலே கேட்க வேண்டாம் என்று விட்டாளா? இப்போது எங்கேயோ டெக்னீசியனாக இருப்பாள். பழைய எண் உள்ள ஸ்லைடு கண்ணில் பட்டால் அது வெறும் கீறல் என்று அவளும் யாருக்காவது சொல்லித் தருகிறாளோ என்னவோ.

இப்போது நான் இருக்கும் இடத்தில் எல்லாம் புது ஸ்லைடுதான், பயன்படுத்தியது எதுவும் திரும்பி வராது. சந்தேகமான சளி பெரும்பாலும் கிருமியின் மரபணுவைத் தேடுகிற கார்ட்ரிட்ஜ் மெஷினுக்குப் போய்விடுகிறது. கண்ணாடியைப் பற்றிய கவலை அதற்கு இல்லை. வருடா வருடம் மார்ச் 24 அன்று (1882-இல் ராபர்ட் கோக் என்ற ஜெர்மன் மருத்துவர் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்ததாக பெர்லினில் அறிவித்த நாள் அது) மாணவர்களுக்கு ஸ்மியர் போட்டுக் காட்டச் சொல்வார்கள். காட்டுவேன். பெட்டியைப் பிரித்து, ஸ்லைடை ஓரத்தில் பிடித்து, ஸ்பிரிட்டால் துடைத்து, டியூப்லைட்டுக்கு நேரே சாய்த்து முன்னும் பின்னும் பார்ப்பேன். புதுப் பெட்டி, சீல் உடைத்தது நான்தான்.

போன வருடம் ஒரு பையன் கேட்டான், "சார், என்ன தேடுறீங்க?"

"தூசி" என்றேன்.