பித்தம்தான் தம்பி

‘இல்லைன்னு போடுங்க’ என்று நான் சொல்லவில்லை. முதலில் இதை எழுதிவிட வேண்டும் போலிருக்கிறது. நான் சொன்னது இவ்வளவுதான்: “பித்தமா இருக்கும் தம்பி. பித்த வாந்தியை எல்லாம் ஃபார்ம்ல எழுதுவாங்களா?”

காலை 8:52க்கு வந்த அழைப்பு. நாலு நிமிஷம் பத்து வினாடி. பதினாலு மாதமாக அது என் வாட்ஸப்பில் அப்படியே கிடக்கிறது. சிங்கப்பூரில் அப்போது மணி 11:22. மரினா பே குரூஸ் சென்டரில் பெட்டிகளை ஒப்படைத்துவிட்டு, நான் அனுப்பி வைத்த குடும்பம் ஒன்பது பேரும் கப்பல் ஏற வரிசையில் நின்றார்கள். நான் இங்கே மகாமகக் குளத்துக்குப் பக்கத்தில் வண்டியை ஓரம் கட்டி, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் பேசினேன்.

“அண்ணே, அம்மாவுக்கு விடியக்காலம் ரெண்டு தடவை வாந்தி. இப்ப நல்லா இருக்காங்க. இங்க ஒரு ஃபார்ம் குடுத்திருக்காங்க. வாந்தி, வயித்தால போறது எதுவும் இருந்துச்சான்னு கேட்டிருக்கு. என்ன போடறது?”

“காய்ச்சல் இருக்கா?”

“தொட்டுப் பார்த்தேன், இல்லை.”

“ராத்திரி என்ன சாப்பிட்டாங்க?”

“செராங்கூன் ரோட்டுல நெய் ரோஸ்ட். அப்புறம் ஒரு பாதாம்கீர்.”

அதற்குப் பிறகுதான் நான் அந்தப் பித்தத்தைச் சொன்னேன். மறுபக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு “சரிண்ணே” என்றார் அந்த வீட்டுப் பையன். வைத்துவிட்டார்.

இந்த டிராவல் ஏஜென்சித் தொழிலில் இருப்பவர்களுக்குப் புறப்பாட்டு நாள் எப்படி இருக்கும் என்று தெரியும். பாஸ்போர்ட்டில் ஆறு மாதம் பாக்கி இருக்கிறதா, இனிஷியலை விரித்து எழுதிய பெயரும் டிக்கெட்டில் இருக்கும் பெயரும் ஒத்துப்போகிறதா, சிங்கப்பூருக்குள் நுழைய ஆன்லைனில் போடும் எஸ்ஜி அரைவல் கார்டு போட்டாயிற்றா, மாத்திரை கைப்பையில் இருக்கிறதா என்று எல்லாவற்றையும் முன்னாலேயே பார்த்துவிடுவேன். பெட்டி சாயங்காலம்தான் கேபின் வாசலுக்கு வரும், அதனால் மாத்துத்துணி ஒன்று கையில் வைத்துக்கொள்ளுங்கள் என்று இரண்டு தடவை சொல்லி அனுப்புவேன். உடம்புக்கு வருவதை மட்டும் முன்கூட்டிப் பார்க்க முடியாது.

அந்த அம்மாவைப் பற்றிச் சொன்னால்தான் நான் ஏன் அப்படிப் பேசினேன் என்பது புரியும். திருவையாற்றுக்குப் பக்கத்துக் கிராமம். ஐயாவுக்கு அறுபது முடிந்து திருக்கடையூரில் சாந்தி செய்தார்கள். அதற்குப் பிறகு பிள்ளைகள் மூன்று பேரும் சேர்ந்து ஏற்பாடு செய்த பயணம் இது. சிங்கப்பூர், பினாங்கு, புக்கெட், மறுபடி சிங்கப்பூர். பணம் கட்ட வந்த அன்று அந்த அம்மா என் மேஜைக்கு எதிரே முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “கொள்ளிடத்தைப் பாலத்து மேலதான் தாண்டிருக்கேன் தம்பி, பரிசல்ல கூட ஏறுனதில்லை” என்றார். மேட்டூர் திறந்தால் நடவு, அப்புறம் அறுப்பு, மாடு, மாமியார் என்றே நாற்பது வருஷம் போனவர். வீட்டை விட்டு இரண்டு ராத்திரிக்கு மேல் வெளியே தங்கியதில்லையாம்.

அவரை வரிசையிலிருந்து தனியாக அழைத்துப் போய் நிறுத்துவார்களே என்பதுதான் அந்த நாலு நிமிஷமும் என் கண்ணில் நின்றது. ‘ஆமாம்’ என்று போட்டால் கப்பலின் மருத்துவ ஆள் வந்து பார்ப்பார். விட்டாலும் விடுவார், கேபினிலேயே இருங்கள் என்றும் சொல்லலாம், ஏறவே கூடாது என்றும் சொல்லலாம். ஏற விடாவிட்டால் பெட்டியைத் தேடி இறக்க வேண்டும். இன்சூரன்ஸ் போட்டிருந்தேன். ஆனால் அந்தப் பணம் கிடைக்க அங்கேயே டாக்டரிடம் காட்டிச் சீட்டு வாங்க வேண்டும். ஐயா அம்மாவை விட்டுவிட்டு ஏற மாட்டார். ஐயா ஏறாவிட்டால் பிள்ளைகளும் ஏற மாட்டார்கள். அறுபதாம் கல்யாணப் பயணம் ஓர் ஓட்டல் அறையில் முடிந்துபோகும்.

எனக்குக் காசு நஷ்டமில்லை, கமிஷன் முன்னாலேயே வந்துவிட்டது. அதனால் காசுக்காக நான் அதைச் சொல்லவில்லை. இப்படி எழுதும்போது நிம்மதியாக இருக்கிறது. ஆனால் கும்பகோணத்தில் பேர் என்று ஒன்று இருக்கிறதே. ‘அவர்கிட்ட போட்டோம், துறைமுகத்துலேயே திருப்பி அனுப்பிட்டாங்க’ என்று ஒரு குடும்பம் சொன்னால் அது பாபநாசம் வரைக்கும் போகும். அந்த நினைப்பும் அந்த நாலு நிமிஷத்தில் வந்தது, வரவில்லை என்று சொல்ல முடியாது.

மத்தியானம் ஒரு படம் வந்தது. மேல்தட்டில், கம்பியைப் பிடித்துக்கொண்டு அம்மா. காற்றில் பறக்கும் முந்தானையை ஒரு கையால் அமுக்கியபடி, வாயை மூடாமல் சிரிக்கிறார். பின்னால் உயர உயரமான கட்டடங்கள். என் இருபது வருஷத் தொழிலில் இவ்வளவு சந்தோஷமான படம் ஒன்றோ இரண்டோதான் வந்திருக்கும்.

அதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

திரும்பி வந்த பிறகு கோடாலித் தைலமும் ஒரு பை சாக்லேட்டும் எடுத்துக்கொண்டு குடும்பமாக வந்தார்கள். அம்மாதான் நிறையப் பேசினார். ரூம் அவ்வளவு சுத்தம், துண்டை மடித்து யானை மாதிரி செய்து வைக்கிறார்கள், ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் சாப்பாடு. பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: “மூணாம் நாளு பக்கத்து ரூம்ல ஒரு சின்னப் பொண்ணு, நம்ம தமிழ்ப் பிள்ளைதான், ராவெல்லாம் வாந்தி. பாவம், முகம் சுண்டிப்போச்சு. நான்தான் எலுமிச்சம்பழம் கொண்டுபோய் மோந்து பாருன்னு குடுத்தேன்.”

“கப்பல் ஆடுச்சாம்மா?”

“ஆடவே இல்லை தம்பி. திண்ணையில உக்காந்திருக்கிற மாதிரிதான் இருந்துச்சு.”

நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். காபி வாங்கி வரச் சொன்னேன்.

அன்று ராத்திரி உட்கார்ந்து படித்தேன். நோரோவைரஸ் என்று ஒன்று, வாந்தியும் வயிற்றுப்போக்கும் கொடுக்கிற கிருமி. தொற்றிப் பன்னிரண்டு மணி நேரத்திலிருந்து இரண்டு நாளைக்குள் காட்டும். மிகக் கொஞ்சம் கிருமி போதும். கைப்பிடி, லிஃப்ட் பொத்தான், பரிமாறும் கரண்டி என்று எல்லாவற்றிலும் ஒட்டும். சானிடைசருக்குச் சரியாக அடங்காது, சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். நோய் விட்டவர் உடம்பிலிருந்தும் சில நாள் வெளியேறிக்கொண்டிருக்கும். அந்தக் கேள்வி கொரோனாவால் வந்ததல்ல, அதற்கு முன்பிருந்தே ஃபார்மில் இருப்பது. இவ்வளவு வருஷமாக அதைப் பார்த்தும் ஏன் கேட்கிறார்கள் என்று நான் யோசித்ததில்லை.

யோசித்திருக்க வேண்டியவன்தான். 2020 பிப்ரவரியில் டைமண்ட் பிரின்சஸ் கப்பல் யோகோகாமாவில் 3,711 பேரோடு நின்றது. 712 பேருக்குத் தொற்று. தினமும் எண்ணிக்கை ஏறுவதைப் பார்த்துக்கொண்டே நான் இங்கே ஒவ்வொரு புக்கிங்காக ரத்து செய்தேன். கப்பல் என்பது ஒரே கூரைக்குக் கீழ் ஓர் ஊர் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆனாலும் அந்தக் குழந்தைக்கு அந்த அம்மாவிடமிருந்துதான் வந்தது என்று எதை வைத்துச் சொல்ல முடியும்? குழந்தை நாள் முழுக்க ஐஸ்கிரீம் தின்றதாம். ஆடாத கப்பலிலும் சில பேருக்குக் குமட்டும். அம்மாவுக்கு வந்தது நிஜமாகவே நெய் ரோஸ்ட்டாக இருக்கலாம். முதல் விமானப் பயணம், தூக்கமில்லை, பாதாம்கீர். நம் ஊரில் எந்த வீட்டில் கேட்டாலும் பித்தம் என்றுதான் சொல்வார்கள். ஒன்பது பேரில் வேறு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே. இதை அந்தப் பையனிடமே மூன்று தடவை வேறு வேறு சாக்கில் கேட்டு உறுதி செய்துகொண்டேன். கேட்கும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது.

எங்கள் தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறியவர். கப்பல் தள்ளி நிற்கும், படகில் போய் ஏற வேண்டும். தட்டு டிக்கெட், அறை கிடையாது. சிங்கப்பூர் சேர்ந்ததும் செயின்ட் ஜான்ஸ் தீவில் இறக்கி, நோய் உண்டா என்று பார்த்து, நாள் கணக்கில் நிறுத்தி வைத்துத்தான் ஊருக்குள் விட்டார்களாம். பக்கத்து ஊர்க்காரர் ஒருவருக்குக் காய்ச்சல். இரண்டு பேர் இரண்டு பக்கமும் தோள் கொடுத்து, நெற்றியில் பட்டையாக விபூதி பூசி, டாக்டர் முன்னால் நடக்க வைத்துக் கூட்டிப்போய்விட்டோம் என்று தாத்தா ஒரு வெற்றிக் கதை மாதிரி சொல்வார். நாங்கள் திண்ணையில் உட்கார்ந்து கைதட்டிக் கேட்போம். அதற்குப் பிறகு அந்த மனிதர் என்ன ஆனார், அவர் பக்கத்தில் படுத்திருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று நாங்கள் ஒருவரும் கேட்டதில்லை. இன்று அந்தத் தீவுக்குப் போகிற படகு மரினா சவுத் பியரிலிருந்துதான் கிளம்புகிறது, இந்தக் குரூஸ் சென்டருக்குப் பக்கத்தில். வரைபடத்தில் அதைப் பார்த்த அன்று எனக்கு வேலை ஓடவில்லை.

இப்போது புறப்படுகிற குடும்பங்களுக்கு அந்த ஃபார்மைத் தமிழில் வாசித்துக் காட்டுகிறேன். இருப்பதை எழுதுங்கள், மறைக்காதீர்கள் என்கிறேன். முந்தின ராத்திரி இட்லியோ ரசம் சாதமோ போதும் என்றும் சொல்கிறேன். ஆனால் அந்த அழைப்பே மறுபடி வந்தால், அதே அம்மா அதே வரிசையில் நின்றால், நான் வேறு மாதிரி பேசுவேன் என்று சத்தியம் செய்ய என்னால் முடியவில்லை. அந்தப் படத்தை எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் சரியாகத்தான் செய்தேன் என்று தோன்றுகிறது. படத்தை மூடினால் அந்த எலுமிச்சம்பழம் வந்து நிற்கிறது.

போன வாரம் வலங்கைமானிலிருந்து ஒருவர் வந்தார். அந்தப் பையன் சொல்லி அனுப்பியவர். பாஸ்போர்ட்டுகளை மேஜையில் அடுக்கிவிட்டுச் சொன்னார்: “உங்ககிட்டதான் போடணும்னு சொல்லிட்டாருண்ணே. அங்க அவங்கம்மாவுக்கு முடியாம போனப்பகூட, ‘இல்லை’ன்னு போடச் சொல்லி நீங்கதான் ஏத்தி விட்டீங்களாமே.”

நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மேலே இருந்த பாஸ்போர்ட்டை எடுத்துக் காலாவதித் தேதியைப் பார்த்தேன்.