இலவச வக்கீல் கேட்டு மனு போடும்போது

சம்மன் கைக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது வாய்தா தேதியை. சிவில் வழக்கில் சம்மன் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் எதிர்வழக்குரை, அதாவது ரிட்டன் ஸ்டேட்மென்ட், தாக்கலாக வேண்டும். கோர்ட் அனுமதித்தால் 90 நாள் வரை இழுக்கலாம். இலவச வக்கீல் தரும் அரசு அமைப்பான சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வக்கீல் கேட்டு மனு கொடுத்துவிட்டால் இந்தக் கணக்கு நின்றுவிடும் என்று பலர் நம்பி இருந்துவிடுகிறார்கள். நிற்காது. ஆபீஸில் மனு கொடுப்பது வேறு, கோர்ட்டில் ஆஜராவது வேறு. வக்கீல் நியமனமாவதற்குள் வாய்தா வந்துவிட்டால் நேரில் போய், பெயர் கூப்பிடும்போது முன்னால் நின்று, "சட்ட உதவி கேட்டு மனு போட்டிருக்கேன், அவகாசம் வேணும்" என்று சொல்ல வேண்டும். சீல் போட்டு வாங்கிய மனு நகல் கையில் இருந்தால் பேச்சு சுலபம். அன்று யாருமே போகாவிட்டால் எக்ஸ் பார்ட்டி, அதாவது நீங்கள் இல்லாமலே வழக்கு நடக்கும். அப்படியே தீர்ப்பும் ஆகிவிட்டால் அதை ரத்து செய்யக் கேட்க 30 நாள்தான் இருக்கிறது.

மனு கொடுக்கும் இடம், மாவட்டக் கோர்ட் வளாகத்திலேயே இருக்கும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு. தாலுகா கோர்ட்டில் வட்ட சட்டப்பணிகள் குழு. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்து கேட்கலாம்.

யாருக்குக் கிடைக்கும் என்பதில்தான் முதல் தடுமாற்றம். 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12-ஆம் பிரிவில் பட்டியல் இருக்கிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், ஆலைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானக் கணக்கே கிடையாது. சொந்த வீடும் மாதச் சம்பளமும் உள்ள பெண்ணுக்கும் உரிமை உண்டு. ஆனாலும் கவுன்ட்டரில் பழக்க தோஷத்தில் "வருமானச் சான்றிதழ் எங்கம்மா?" என்று கேட்பார்கள். திரும்பி வந்துவிட வேண்டாம். "12-சி-யில வரேன் சார்" என்று சொன்னால் போதும், பெண்களும் குழந்தைகளும் வரும் உட்பிரிவு அது. வருமான வரம்பு மற்றவர்களுக்குத்தான்: தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய், உச்ச நீதிமன்ற வழக்குக்கு 5 லட்சம். அதற்கும் பிரமாணப் பத்திரத்தையே போதுமானதாக ஏற்றுக்கொள்ள 13-ஆம் பிரிவு இடம் தருகிறது.

இனி மனுவின் தலைப்பு. இதில் சறுக்கினால் மாதக்கணக்கில் போகும். "எனக்கு நியாயம் கிடைக்க வேண்டும்" என்று பொதுவாக எழுதினால், அதைச் சமரச மனுவாக எடுத்து எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் அனுப்பிவிடுவார்கள். அவர் வரலாம், வராமலும் போகலாம். உங்களுக்கு வக்கீல் மட்டும் வரமாட்டார். வக்கீல்தான் வேண்டுமென்றால் தலைப்பிலேயே "வழக்கறிஞர் நியமனம் கோரி" என்று எழுதி, எந்தக் கோர்ட், எந்த வழக்கு எண், நீங்கள் வாதியா பிரதிவாதியா, அடுத்த வாய்தா என்றைக்கு என்று நான்கு வரியில் சொல்லிவிடுங்கள். சமரசம் மோசம் என்று சொல்லவில்லை. ஆனால் சமரசம் பேசி முடிக்கும் லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) கையெழுத்துப் போட்டால் அதன்மேல் அப்பீல் கிடையாது, அது தெரிந்து போக வேண்டும்.

ஆதார் நகல், சம்மன், எதிர்த்தரப்பு கொடுத்த பேப்பர்கள் எல்லாம் இரண்டு செட். இவற்றோடு ஒரு பக்கத்தில் தேதிப் பட்டியல். கதை வேண்டாம்: "14.6.2019 வாடகை ஒப்பந்தம், அட்வான்ஸ் 50,000. 2.1.2023 காலி செய்யச் சொல்லி நோட்டீஸ். 20.1.2023 பதில் நோட்டீஸ், தபால் ரசீது உள்ளது." இப்படி. நியமனமாகி வரும் வக்கீலுக்கு உங்களை முன்பின் தெரியாது, கையில் வேறு வழக்குக் கட்டுகளும் இருக்கும். முதல் சந்திப்பில் பத்து நிமிடம் கிடைத்தால் அதிகம். அந்தப் பத்து நிமிடத்தில் உங்கள் வழக்கை அவர் தலைக்குள் ஏற்றுவது இந்த ஒரு பக்கம்தான்.

மனு மீது 7 நாளுக்குள் முடிவெடுக்க வேண்டும் என்பது விதி. பேனலில், அதாவது ஆணைக்குழுவின் வக்கீல் பட்டியலில், உள்ள ஒருவரை நீங்களாகக் குறிப்பிட்டுக் கேட்கலாம். கொடுத்தே தீர வேண்டும் என்பதில்லை. நிராகரித்தால் எழுத்தில் வாங்கிக்கொண்டு மேல்முறையீடு செய்யலாம்.

உங்களுக்காக ஆஜராக வக்கீலுக்கு அதிகாரம் தரும் வக்காலத்தில் கையெழுத்துப் போடுங்கள். வெறும் வெள்ளைத்தாளிலோ எழுதாத முத்திரைத்தாளிலோ யார் கேட்டாலும் போடாதீர்கள். ஒரிஜினல் பத்திரங்களைக் கொடுக்கும்படி ஆனால், பட்டியல் எழுதி கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள். பேனல் வக்கீலுக்கு ஆணைக்குழுதான் பணம் தரும். கோர்ட் கட்டணம், புராசஸ் கட்டணம் (சம்மன், நோட்டீஸ் அனுப்பும் செலவு), சான்றிட்ட நகல் செலவும் உங்களுடையது அல்ல. "செலவுக்கு" என்று கேட்டால் வாக்குவாதம் தேவையில்லை. ஆணைக்குழுச் செயலாளர் ஒரு நீதிபதி. அவரிடம் ஒரு பக்க மனு போதும்.

வழக்கு நடக்கும்போது ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகத் தரப்படும் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணை வாங்கி வைத்துக்கொண்டு இ-கோர்ட்ஸ் ஆப்பில் வாய்தாவை நீங்களே பாருங்கள். வக்கீல் சொல்லும் தேதியும் ஆப்பில் உள்ள தேதியும் ஒருமுறை மாறினால் தவறு எங்கும் நடந்திருக்கலாம். திரும்பத் திரும்ப மாறினால், யாரும் ஆஜராகாத வாய்தாக்களைத் தேதியோடு எழுதி வேறு வக்கீல் கேளுங்கள். "சரியாகக் கவனிப்பதில்லை" என்ற ஒரு வரிக்கு யாரும் அசையமாட்டார்கள், தேதிகளுக்கு அசைவார்கள். புதியவர் ஆஜராக, பழையவர் வக்காலத்தில் ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தர வேண்டும். மறுத்தால் கோர்ட் அனுமதி. கட்டு கைமாறுகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தீர்ப்பு எதிராக வந்தால் அன்றே சான்றிட்ட நகலுக்கு மனு போடச் சொல்லுங்கள். மாவட்டக் கோர்ட்டில் சிவில் அப்பீலுக்கு 30 நாள், உயர் நீதிமன்றத்தில் 90 நாள். நகல் தயாராக எடுத்துக்கொண்ட நாட்கள் இதில் சேராது. அப்பீலுக்கு அதே வக்கீல் தானாக வரமாட்டார். அதற்குத் தனியாக இன்னொரு மனு, உயர் நீதிமன்றம் என்றால் அங்குள்ள சட்டப்பணிகள் குழுவில்.