அன்னம்மாள் கோயிலில் ஒரு வேலைநாள்

பினாங்கு மாநிலத்துப் புக்கிட் மெர்தாஜமில், மரியாவின் தாயான புனித அன்னம்மாளின் திருத்தலத்துக்கு ஜூலை 26 திருவிழாவையொட்டிப் போனால் எங்கு பார்த்தாலும் தலைகள்தான். மலேசியா முழுக்க இருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்து இறங்குவார்கள். நான் இந்த முறை வேண்டுமென்றே ஒரு சாதாரண வேலைநாளாகப் பார்த்துப் போனேன். கோலாலம்பூரில் இடிஎஸ் ரயில் ஏறினால் புக்கிட் மெர்தாஜமிலேயே இறங்கிவிடலாம், அப்புறம் ஒரு கிராப் வாடகைக் கார் பிடித்தால் கோயில் வாசல்.

2002-இல் கட்டி முடித்த புதிய ஆலயம், முனைகள் கொம்புபோல் மேலே வளைந்த மினாங்கபாவ் பாணிக் கூரையோடு பார்க்கக் கம்பீரமாக இருக்கும். 2019-இல் இத்திருத்தலத்துக்குச் முக்கியமான ஆலயங்களுக்கு ரோம் வழங்கும் சிறிய பசிலிக்கா என்ற தகுதியும் கிடைத்தது. ஆனால் எனக்குக் கால் தானாகப் போவது மலையடிவாரத்தில் இருக்கும் 1888-ஆம் ஆண்டின் பழைய கோயிலுக்குத்தான். கம்யூனிஸ்ட் கெரில்லாக்களோடு சண்டை நடந்த மலாயா அவசரகாலத்தில் (1948–60) இந்தப் பக்கம் ஆள் நடமாட்டம் தடைசெய்யப்பட்ட கறுப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டுக் கோயிலை மூடிவிட்டார்கள்; மறுபடி திறந்தது 1977-இல். அத்தனை வருஷமும் ஜனங்கள் வீட்டுக்குள் முழங்கால் போட்டு அன்னம்மாளிடம் பேசிக்கொண்டே இருந்ததால்தான் கதவு திறந்ததும் கூட்டம் திரும்பி வந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பழைய கோயில் பக்கத்தில், பக்தர்கள் புனிதமாகக் கருதி வீட்டுக்கு எடுத்துப்போகிற தண்ணீரைப் பிடிக்கும் இடத்தில் ஒரு அக்கா நின்றிருந்தார். பக்கத்து ஊரான பிறையில் ஒரு ஃபாக்டரியில் வேலையாம், இரவு ஷிஃப்ட் முடித்து நேரே வந்திருக்கிறார், யூனிஃபார்ம்கூட மாற்றவில்லை. காலி மினரல் வாட்டர் போத்தல்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் மார்க்கர் பேனாவால் ஒரு பெயர். ஒன்றில் பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டியின் பெயர், இன்னொன்றில் லைனில் கூட வேலை செய்கிற ஒரு நேப்பாளப் பையனின் பெயர். ஒரு போத்தல் நிரம்பும்வரை அந்தப் பெயருக்காக ஒரு ‘அருள்நிறை மரியே’ செபம், மூடியைத் திருகும்போது சிலுவை அடையாளம், பிறகு அடுத்த போத்தல்.

“எல்லாருக்கும் சேத்து ஒரே செபமா சொல்லிடலாமேக்கா” என்று கேட்டேன்.

“அதெப்படி தம்பி? தண்ணி தனித்தனியாத்தானே குடிப்பாங்க. அந்தப் பாட்டிக்கு மூட்டு வலி, அந்தப் பையனுக்கு ஊர்ல அம்மா சுகமில்ல. ஆண்டவர்கிட்ட அவங்க பேரச் சொல்லாம அவங்க முன்னாடி போய் நின்னா எனக்கு என்ன பேசறதுன்னே தெரியாது.”

அதற்குமேல் கேட்க எனக்கு ஒன்றுமில்லை.

நற்செய்திப்பணி என்றதும் மைக், மேடை, கூட்டம் என்றுதான் நம்மில் பலருக்கு நினைவு போகிறது. லூக்கா 10-ஐ எடுத்துப் பாருங்கள். எழுபத்திரண்டு பேரை அனுப்பும்போது ஆண்டவர் “புறப்பட்டுப் போங்கள்” என்று சொல்வது மூன்றாம் வசனத்தில். அதற்கு முந்தைய வசனத்திலேயே, அறுவடைக்கு வேலையாள்களை அனுப்பும்படி அறுவடையின் உரிமையாளரிடம் மன்றாடுங்கள் என்று சொல்லிவிடுகிறார். மன்றாடச் சொன்னதும் அனுப்பியதும் அதே ஆட்களைத்தான். பிறருக்காக உண்மையாகச் செபிக்கிறவரால் அவர்களைத் தேடிப் போகாமல் இருக்கவே முடியாது.

புனித குழந்தை தெரேசம்மாள் பிரான்சில் லிசியே ஊரின் கார்மல் கன்னியர் மடத்துக்குள் போனதும் இந்தப் பழைய கோயிலின் அதே 1888-இல்தான், அப்போது அவருக்குப் பதினைந்து வயது. 24 வயதில் இறக்கும்வரை அந்த மடத்தை விட்டு வெளியே போகவில்லை. ஆனாலும் 1927-இல் திருச்சபை அவரை, ஆசியாவெங்கும் மறைப்பணி செய்த புனித சவேரியாருக்குச் சமமாக மறைப்பணியின் பாதுகாவலியாக அறிவித்தது. மடத்தில் அவர் வேலை செய்யும் இடத்துச் சுவரில் சீனாவின் செச்சுவான் மாநில வரைபடம் மாட்டியிருந்ததாம். காரணம், அவர் யாருக்காகத் தினமும் செபித்து வந்தாரோ அந்தக் குருவானவர் அங்கே பணிக்குப் போயிருந்தார். அந்தக் குரு பாரிஸ் அந்நிய வேத போதக சபையைச் சேர்ந்தவர். பினாங்கிலும் இந்த வட்டாரத்திலும் விசுவாசத்தை விதைத்ததும் அதே சபைதான். நம் ஊர்க் கோயில்களுக்குப் பின்னால் முகம் தெரியாத எத்தனை பேருடைய செபம் இருக்கிறதோ என்று நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடுகிறது.

“இடைவிடாது இறைவனிடம் வேண்டுங்கள்” என்று பவுலடியார் எழுதியதை வேலைக்குப் போகிறவர்களால் எப்படி வாழ முடியும் என்று கேட்பவர்களிடம் இனி நான் அந்த அக்காவைத்தான் காட்டுவேன், ஏனென்றால் ஃபாக்டரி பஸ்ஸில் செபமாலையில் பாதி, சோறு வேகும்போது மீதி, நடுவில் யாராவது கஷ்டத்தைச் சொன்னால் அந்தப் பெயரும் அதில் சேர்ந்துகொள்ளும், இப்படித்தான் அவருக்கு நாள் போகிறது. சாயங்காலம் போத்தலை நீட்டும்போது “உங்களுக்காகச் செபிச்சேன் ஆன்ட்டி” என்று மட்டும் அந்தச் சீனப் பாட்டியிடம் சொல்வாராம். பாட்டி ஒரு தடவை, “நாளைக்கு என் மகனுக்கும் சொல்லு” என்றாராம். மகனுக்கான போத்தலும் அன்று வரிசையில் இருந்தது.

அன்னம்மாள் கோயிலுக்குப் போகிறவர்கள் உங்கள் வேண்டுதலோடு, அலுவலகத்திலும் அடுக்குமாடியிலும் தினம் பார்க்கிற நாலைந்து பேருடைய பெயரையும் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். சிலுவைப்பாதை ஏறுவதானால் காலையிலேயே ஏறிவிடுங்கள், பத்து மணிக்கு மேல் வெயில் தாங்காது. காலி போத்தல் மறக்க வேண்டாம்.