மலையில் பூத்த டேஷ்போர்டு

எங்கள் பழைய பிக்கப்புக்கு உள்பக்கம் பெயின்ட் அடித்து முடிக்க 26 நாள் ஆனது. அதில் ஸ்ப்ரே கன்னைக் கையில் பிடித்து அடித்த நேரம் மொத்தமாக இரண்டு மணி நேரம் இருந்தால் பெரிது. மற்றதெல்லாம் சுரண்டியது, தேய்த்தது, காயட்டும் என்று உட்கார்ந்திருந்தது, அப்புறம் தப்பாக அடித்ததை முழுசாக எடுத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது.

வண்டி 1980களில் வந்த மஹிந்திரா. முன்னால் பார்த்தால் ஜீப், பின்னால் சரக்குத் தொட்டி, பெஜோ டீசல் இன்ஜின். ஏற்காட்டில் நாகலூர் பக்கம் அப்பாவுக்கு இருக்கிற கொஞ்சம் காபித் தோட்டத்திலிருந்து காபி, மிளகு, கவாத்து செய்த சில்வர் ஓக் கிளை எல்லாம் இறங்கியது இதில்தான். வில்லிஸ் ஜீப்பின் வம்சம் என்பதால் உள்ளே பிளாஸ்டிக் என்ற பேச்சே கிடையாது. டேஷ்போர்டு என்பது ஒரு நேரான இரும்புத் தகடு, நடுவில் மீட்டர்கள், அவ்வளவுதான். இப்போது வரும் கார்களின் பிளாஸ்டிக் டேஷ்போர்டுக்குச் சும்மா பெயின்ட் அடித்தால் சீக்கிரமே தோல் உரியலாம், இதில் அந்தக் கவலை இல்லை. தகட்டுக்கு என்ன செய்வோமோ அதைச் செய்தால் போதும் என்று நினைத்துத்தான் இறங்கினேன்.

பேட்டரி வயரை முதலில் கழற்றினேன். அப்புறம் மீட்டர், சுவிட்ச், இன்ஜினை நிறுத்த இழுக்கும், சோக் மாதிரி இருக்கும் ஸ்டாப் கேபிள். ஒவ்வொரு வயரிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி நம்பர் போட்டு, போனில் போட்டோவும் எடுத்தேன். எல்லாம் ஞாபகம் இருக்கும் என்று அப்பா சொன்னார். அவர் சொன்னதைக் கேட்டு 2 வயரை நம்பர் போடாமல் விட்டேன், அந்த இரண்டுக்கும் பின்னால் அரை நாள் போனது.

சேறும் தூசியும் போனபிறகு பார்த்தால் டேஷ்போர்டில் பூஜை மட்டும் தனி அடுக்காக இருந்தது. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம், அதன்மேல் குங்குமம், அடுத்த வருஷம் அதே இடத்தில் மறுபடி. சோப்புத் தண்ணீரில் சந்தனம் போய்விட்டது. குங்குமம் போன மாதிரி இருந்தது, அவ்வளவுதான். தின்னர் நனைத்த துணியால் ஒரு இழு இழுத்தேன், டேஷ்போர்டு முழுக்க ரோஸ் கலர். கடைக் குங்குமத்தில் இருக்கும் சாயம் தின்னரில் கரைகிறது. அதை அப்படியே விட்டுப் பெயின்ட் அடித்தால் கீழேயிருந்து ஊறி மேலே வரும். துணியை மாற்றி மாற்றி, ஒரே திசையில், ரோஸ் வராத வரைக்கும் துடைத்தேன்.

அதைவிட மோசம் டேஷ்போர்டு பாலிஷ். டிரைவர் ஒருவர் ஆசையாக ஒரு பாட்டில் வாங்கி வந்து பளபளவென்று வைத்திருந்தார். அந்த மாதிரி பாலிஷில் பலவற்றில் சிலிக்கோன் உண்டு. அது துளி இருந்தாலும் பெயின்ட் அந்த இடத்தில் ஒட்டாமல் விலகி, அம்மைத் தழும்பு போலக் குழி குழியாக நிற்கும். இதில் பலர் செய்யும் தப்பு, கழுவாமல் நேராக உப்புத்தாளை எடுப்பது. தேய்க்கத் தேய்க்க அந்த எண்ணெய்ப் பசை கீறல்களுக்குள் போய் உட்கார்ந்துவிடும். முதலில் பாத்திரம் கழுவும் சோப்பு, அப்புறம் கிரீஸ் எடுக்கும் திரவம், கடைசியில்தான் உப்புத்தாள்.

ஒரிஜினல் நிறம் மீட்டர் வளையத்துக்குப் பின்னால் கிடைத்தது, விரல் அகலத்துக்கு. பாசி படிந்த மாதிரி ஒரு சாம்பல். அதற்கு மேலே யாரோ ஒரு காலத்தில் ஜன்னல் கம்பிக்கு அடிக்கும் எனாமலை பிரஷ்ஷால் அடித்திருந்தார்கள். நான் அடிக்க நினைத்தது என்.சி. பெயின்ட், அதாவது சீக்கிரம் காயும் நைட்ரோசெல்லுலோஸ் பெயின்ட். எனாமல் மேல் அதை அடித்தால், என்.சி. தின்னரின் வேகத்துக்கு அடியில் இருக்கிற எனாமல் கிளம்பிச் சுருங்கி வேப்பம்பட்டை மாதிரி ஆகிவிடும். ஒரு மூலையில் அடித்துப் பார்த்தேன், அப்படியே ஆனது. ஆகவே பெயின்ட் ரிமூவர் போட்டு இரும்பு தெரிகிற வரைக்கும் எடுத்தேன். அந்தக் காலத்துப் பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு, காய்ந்த தூளாகத் தேய்க்காமல் தண்ணீர் ஊற்றி வாட்டர் பேப்பரில் தேய்ப்பது நல்லது.

தரைத் தகடு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ரப்பர் மேட்டுக்கு அடியில் வருஷக்கணக்காகத் தண்ணீர் நின்று, டிரைவர் கால் வைக்கும் இடத்தில் ரோடு தெரிந்தது. டிங்கரிங் பட்டறையில் வெட்டியெடுத்து வேறு தகடு வைத்து வெல்டு அடித்தார்கள். ரெட் ஆக்சைடு, அதன்மேல் கறுப்பு. முடிந்தது.

இனி நான் செய்த பெரிய தப்பு. ஆயுத பூஜைக்கு வண்டி தயாராக வேண்டும் என்று செப்டம்பர் கடைசியில், ஏற்காட்டிலேயே, தோட்டத்து ஷெட்டில் அடித்தேன். காலையில் மழை விட்டு வெயில்கூட எட்டிப் பார்த்தது. பிரைமர் நன்றாகத்தான் உட்கார்ந்தது. மேல் பெயின்ட் 2 கோட்டு போனபோது பள்ளத்திலிருந்து மஞ்சு ஏறி ஷெட்டுக்குள் வந்தது. கண் முன்னாலேயே சாம்பல் நிறம் பால் ஊற்றின மாதிரி வெளுத்துப் பூத்தது. தின்னர் ஆவியாகிற வேகத்தில் தகட்டின் மேல்பக்கம் சில்லென்று ஆகிவிடும், காற்றில் இருக்கிற ஈரம் அந்தக் குளிர்ச்சியில் படிந்து பெயின்டுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும், அதுதான் வெள்ளை. சொம்பில் ஐஸ் தண்ணீர் ஊற்றினால் வெளியே வேர்க்கிறதே, அதே கதை.

சேலத்தில் இருக்கும் பெயின்டர் அண்ணனுக்குப் போன் போட்டேன். "மலையில மழைக்காலத்துல யாராச்சும் என்.சி. அடிப்பாங்களா தம்பி? ரிட்டார்டர் கலந்து லேசா ஒரு கோட்டு விட்டுப் பாருங்க, போகலைன்னா கீழ கொண்டாந்துடுங்க" என்றார். ரிட்டார்டர் என்பது மெதுவாக ஆவியாகும் தின்னர். அடித்தேன். பாதி வெள்ளை போனது, மீதி திட்டுத் திட்டாக நின்றது. சரி என்று ஹாரன், பிரேக் லைட் இரண்டுக்கும் மட்டும் வயரை மாட்டிக்கொண்டு, மீட்டர் ஒன்றும் இல்லாத ஓட்டை டேஷ்போர்டோடு, பட்டப்பகலில் 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கினேன். பழைய டீசல் வண்டி, ஒருமுறை ஸ்டார்ட் ஆகிவிட்டால் அப்புறம் கரண்டை எதிர்பார்க்காது.

ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரம், சேலம் 300 மீட்டர்கூட இல்லை. அதே டப்பா பெயின்ட், அதே கன், கீழே வந்ததும் நேர் எதிராக நடந்தது. அண்ணன் பட்டறையில் மதியம் தகரக் கூரைக்கு அடியில் நானே ஆர்வக்கோளாறில் ஒரு கோட்டு அடித்தேன். கன்னிலிருந்து கிளம்பிய பெயின்ட் தகட்டுக்குப் போய்ச் சேருமுன்பே பாதி காய்ந்து, மேலே ரவை தூவின மாதிரி சொரசொரவென்று விழுந்தது. அண்ணன் திட்டவில்லை. சிரித்தார், அது இன்னும் மோசம். மறுநாள் காலை 7 மணிக்கு, பட்டறை வாசலில் தண்ணீர் தெளித்துத் தூசி அடங்கியபின், சின்ன டச்சப் கன்னில் 3 மெல்லிய கோட்டு அவரே அடித்தார். ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவில் கால் மணி நேரம் டீ. எந்தக் கம்பெனி பெயின்ட் நல்லது என்று என்னிடம் கேட்கிறவர்களுக்கு ஒரே பதில்தான் வைத்திருக்கிறேன்: டப்பாவைவிட எந்த இடம், எத்தனை மணி என்பதைப் பாருங்கள்.

இறுகுவதற்கு ஹார்டனர் கலக்கும் பி.யூ. (பாலியூரிதேன்) பெயின்டை நான் வேண்டாம் என்றதற்குக் காரணம் உண்டு. அது உறுதியானது, சந்தேகமில்லை. ஆனால் அந்த ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் நுரையீரலைப் பிடித்தால் ஆஸ்துமாவில் கொண்டுபோய் விடும். மூக்கில் கட்டுகிற துணியோ தூசி மாஸ்க்கோ அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. கேபினுக்குள் தலையை விட்டு அடிக்கிற வேலைக்கு அது வேண்டாம். என்.சி.யில் கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்துகொள்ளலாம் என்பதும் ஒரு லாபம். அதற்கும் தின்னர் வாசனை தலையைச் சுற்றும், கார்ட்ரிட்ஜ் வைத்த மாஸ்க் இல்லாமல் தொடாதீர்கள்.

எல்லாம் முடிந்தது என்று பார்த்தால் அப்பாவின் ஆசை பாக்கி. பளபளக்காத மேட் ஃபினிஷ் வேண்டாம், பளபளப்பு வேண்டும் என்று அவர் சொல்லி அப்படியே அடித்திருந்தோம். சாயந்திரம் மலை ஏறும்போது புரிந்தது. ஒரு வளைவு விட்டு ஒரு வளைவில் மேற்கு வெயில் நேராக உள்ளே வந்து டேஷ்போர்டில் பட்டு, கண்ணாடி முழுக்க அதே டேஷ்போர்டுதான் தெரிந்தது, எதிரே இறங்கிய பஸ் தெரியவில்லை. ஹாரன் கேட்டு ஒதுங்கினேன். அப்பா பக்கத்தில்தான் இருந்தார், வீடு போய்ச் சேரும்வரை எதுவும் பேசவில்லை. அடுத்த நாளே வண்டியைக் கீழே இறக்கி, 800 வாட்டர் பேப்பரில் பளபளப்பை மழுக்கி, மேட் அடித்தோம்.

ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் இருக்கும்போது வண்டி வீடு வந்தது. பெயின்ட் நன்றாக இறுக இன்னும் ஒரு வாரமாவது ஆகும், டேஷ்போர்டில் ஒன்றும் வைக்க வேண்டாம், பானட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று அம்மாவிடம் மூன்று தடவை சொன்னேன். சரி சரி என்றார். காலையில் போய்ப் பார்த்தால் மீட்டருக்கு நேர் மேலே, பழைய இடத்திலேயே, மூன்று விரல் அகலத்துக்குச் சந்தனம், நடுவில் குங்குமம். துணியை எடுத்தேன். "இன்னைக்கு ஒருநாள் இருக்கட்டும்டா" என்றார் அம்மா.

இப்போது அங்கே லேசாக ரோஸ் தெரிகிறது.